ஹெல்த் கார்டில் சிவப்பு மை, கேன்டீனில் பஃப்ஸ்

கேள்வி:

டாக்டர், எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில். மகனுக்கு 10 வயது, சிபிஎஸ்இ பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. சென்ற மாதம் பள்ளியில் மெடிக்கல் செக்-அப் நடந்தது. உயரம் 138 செ.மீ., எடை 44 கிலோ என்று எழுதி, பக்கத்திலேயே சிவப்பு மையில் "ஒபீஸ், பெற்றோர் கவனிக்கவும்" என்று ஹெல்த் கார்டு அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. நான் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டான் என்கிறார் மாமியார். பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு) 23தான் வருகிறது, 25க்குக் கீழே இருந்தால் நார்மல் என்கிறார் கணவர். காலை 6.50க்கு வேன். மாலை 4 மணிக்கு வீடு. 5 முதல் 7 வரை டியூஷன். படுக்க 10.30 ஆகிறது. பள்ளி கேன்டீனில் பஃப்ஸ், சமோசா. கேட்டுக்கு எதிரே பேக்கரி. வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு, அதில் ஒன்று கணக்குக்குப் போய்விடுகிறது. பி.டி. மாஸ்டர் இவனை எப்போதும் கோல் கீப்பராகவே நிறுத்தி "பூசணி" என்று கூப்பிடுகிறாராம். அபார்ட்மென்டில் பந்து விளையாடத் தடை. ரோட்டில் மெட்ரோ பள்ளம், தெருவில் நாய்கள். வீட்டில் எண்ணெயைக் குறைத்துவிட்டேன், இரவில் இரண்டு சப்பாத்திக்கு மேல் தருவதில்லை. இன்னும் என்ன செய்வது? தப்பு என்னுடையதுதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரின் கணக்கைப் பார்த்துவிடுவோம். பி.எம்.ஐ. 23 என்று அவர் போட்டது சரி. 25 வரை நார்மல் என்பதுதான் தப்பு. அது வளர்ந்து முடித்தவர்களுக்கான அளவு. குழந்தைக்கு வயதைப் பொறுத்தும், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தும் கோடு மாறும். ஐ.ஏ.பி. எனப்படும் இந்தியக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் இரண்டு கோடுகள் உண்டு. பெரியவர்களின் 23க்குச் சமமான கோட்டைத் தாண்டினால் கூடுதல் எடை. 27க்குச் சமமான கோட்டைத் தாண்டினால் உடற்பருமன். சின்ன வயதில் இந்தக் கோடுகள் அந்த எண்களைவிடக் கீழேயே ஓடும். அதனால் 10 வயதுப் பையனுக்கு 23 என்பது அந்த இரண்டாவது கோட்டுக்கும் மேலே. ஆகவே கார்டில் எழுதியிருப்பது உண்மைதான்.

"வளர வளரச் சரியாகிவிடும், விடுங்கள்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் என் கிளினிக்கில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது முப்பது வயதில் சர்க்கரை மாத்திரைச் சீட்டோடு வந்து, தங்கள் குழந்தையை என்னிடம் காட்டுகிறார்கள். அதனால் இப்போது அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

ஒருமுறை நேரில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அவன் கழுத்தின் பின்பக்கம், அக்குளில் தோல் கறுத்துத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அதை அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்ப்பார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம். தூக்கத்தில் குறட்டை விடுகிறானா என்பதும் முக்கியம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் நொதி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். "தைராய்டா இருக்குமோ?" என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறில் குழந்தை பொதுவாக உயரம் வளராமல் நின்றுவிடும். உங்கள் மகனின் உயரம் வயதுக்குக் குறைவில்லை. அந்தப் பக்கம் சந்தேகம் குறைவு.

சப்பாத்தி எண்ணுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வளரும் பிள்ளையின் எடையை இறக்கத் தேவையில்லை, ஏறாமல் பிடித்து நிறுத்தினால் போதும். அவன் 44 கிலோவிலேயே நின்று, வருடத்தில் 5 செ.மீ. வளர்ந்தான் என்று வையுங்கள்: 143 செ.மீ.க்கு பி.எம்.ஐ. 21.5 ஆகிவிடும். ஒரு கிலோகூடக் குறையாமலேயே ஒன்றரைப் புள்ளி இறங்கியிருக்கும். இரவில் பட்டினி போட்டால் மறுநாள் பத்தரை மணி இன்டர்வெல்லில் கேன்டீன் முன்னால் முதல் ஆளாக நிற்பான்.

சரி, தப்பு யாருடையது? ஒரு தாளை எடுத்து அவனுடைய ஒரு நாளை எழுதிப் பாருங்கள். உங்கள் கடிதத்தை வைத்து நானே எழுதிப் பார்த்தேன். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் பள்ளியும் வேனும். அதில் அவன் என்ன சாப்பிடலாம், எப்போது எழுந்து ஓடலாம் என்று முடிவு செய்வது நீங்களும் இல்லை, உங்கள் மாமியாரும் இல்லை. மிச்ச நேரத்தில் இரண்டு மணி டியூஷன். 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வாரத்துக்கு 420 நிமிடம் (எண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்). உங்கள் பையனுக்குப் பள்ளியில் கிடைப்பது ஒரே ஒரு பி.டி. பீரியடு. அதிலும் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றுகொண்டு.

தூக்கத்தையும் பாருங்கள். 6.50 வேனுக்கு 6 மணிக்காவது எழ வேண்டும். 10.30க்குப் படுத்தால் ஏழரை மணி நேரம். 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளைக்குப் பசி கூடும், அதுவும் இனிப்பு, எண்ணெய்ப் பண்டங்களின் மேல்தான் ஆசை போகும். பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, வேன் எத்தனை தெரு சுற்றி வருகிறது என்பதெல்லாம் எடையோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நாம் யோசிப்பதே இல்லை.

சென்னையிலேயே இதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையிலான ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை அளந்து, 2014-இல் வெளியானது. சர்வதேச அளவுகோலின்படி, கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம், அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம். இதை வைத்துத் தனியார் பள்ளிதான் குண்டாக்குகிறது என்று சொன்னால் அது அவசரம். வீட்டு வருமானம், கையில் இருக்கும் காசு, வேன், டிவி எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கின்றன. ஆனால் ஒரே ஊரில், இரண்டு தெரு தள்ளி இருக்கும் பிள்ளைகளிடம் இவ்வளவு இடைவெளி என்றால், அம்மா வேலைக்குப் போகிறாளா இல்லையா என்பதை வைத்து அதை விளக்க முடியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களும் வேலைக்குத்தான் போகிறார்கள். இந்த வரியை மாமியாருக்குப் படித்துக் காட்டலாம், கொஞ்சம் மெதுவான குரலில்.

இனி கேன்டீன். ஹெல்த் கார்டில் சிவப்பு மையால் எழுதிய அதே பள்ளிதான் பஃப்ஸும் விற்கிறது. இதைக் கேட்கப் போவதற்கு முன்னால் பஃப்ஸ் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். பெரும்பாலும் கேன்டீன் கான்ட்ராக்டில் ஓடும். கான்ட்ராக்டர் பள்ளிக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். பஃப்ஸ் காலையில் பேக்கரியிலிருந்து டிரேயில் வந்து இறங்கும்; சூடு பண்ணினால் போதும், ஆள் வேண்டாம், மிஞ்சினால் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். சுண்டலுக்கு முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும், வேகவைக்க வேண்டும், தாளிக்க வேண்டும், மதியத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். "ஜங்க் ஃபுட்டை நிறுத்துங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் பத்து நாளில் மறந்துவிடுவார்கள். இன்டர்வெல்லுக்கு எத்தனை பேர் வாங்குவார்கள், என்ன விலைக்கு, எது கெட்டுப்போகாது என்று கணக்கோடு போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் வாழைப்பழம், அவித்த வேர்க்கடலை, நீர்மோர் என்று மூன்றே பொருளில் ஆரம்பித்தார்கள். வேர்க்கடலை நிலைத்துவிட்டது. நீர்மோர் ஒரு மாதம்கூட ஓடவில்லை. பரவாயில்லை.

உங்கள் கையில் சட்டமும் இருக்கிறது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் பள்ளி உணவுக்கென்று தனி விதிமுறை வெளியிட்டது. 2021 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், பள்ளி கேட்டிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. கேட்டில் அப்படி ஒரு போர்டும் வைக்க வேண்டும். உங்கள் பள்ளி கேட்டில் அந்த போர்டு இருக்கிறதா என்று நாளைக்குப் பாருங்கள். 2025 மே மாதம் சிபிஎஸ்இயும் தன் பள்ளிகளில் "சுகர் போர்டு" வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது: எந்தப் பானத்தில், எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகள் பார்க்கும்படி எழுதி வைப்பது. 4 முதல் 10 வயதுக் குழந்தைகளின் தினசரிக் கலோரியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது, 5 சதவீதம்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. போர்டு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே ஜூஸ் டெட்ரா பேக் விற்றால் என்ன பயன் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. போர்டை மட்டும் வைத்து எடை குறையாதுதான். ஆனால் கேன்டீனைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்க, பிரின்சிபால் தட்டிக்கழிக்க முடியாத தாள் அது.

எதிரே இருக்கும் பேக்கரி மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர் பிழைப்பு அது. ஆனால் தூரம் என்பது நாம் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 30 லட்சம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் விவரங்களை வைத்து ஒரு ஆய்வு, 2010-இல் வெளியானது. பள்ளியிலிருந்து சுமார் 160 மீட்டருக்குள் ஃபாஸ்ட் ஃபுட் கடை இருந்தால், அந்தப் பள்ளியில் உடற்பருமன் விகிதம் குறைந்தது 5.2 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே கடை 400 மீட்டர் தள்ளி இருந்தால் வித்தியாசமே தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் கடை மேல் தீராத வெறி ஒன்றும் இல்லை, கண் முன்னால் இருந்தால் வாங்குகிறார்கள், நடக்கச் சொன்னால் விட்டுவிடுகிறார்கள்.

இதை வைத்து உங்கள் மகனின் நாளை மறுபடி பார்த்தேன். பள்ளி 2.40க்கு விடுகிறது, வேன் 3 மணிக்குத்தான் கிளம்புகிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வரும்வரை இருபது நிமிடம் கேட் அருகில் நிற்கிறான், பையில் இருபது ரூபாய், எதிரே பேக்கரி. பத்து வயதுப் பையன் வேறு என்ன செய்வான்? பின்னால் ஒரு மைதானம் சும்மா கிடக்கிறது. பெல் அடித்ததும் அதன் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். அந்த இருபது நிமிடம் மைதானத்தைத் திறந்து வைத்து, ஒரு டீச்சரைக் காவலுக்கு நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். வாரத்துக்கு 100 நிமிடம் ஓட்டம், ஐந்து பஃப்ஸ் மிச்சம். செலவு இல்லை, டைம்டேபிளைத் தொட வேண்டாம், பேக்கரிக்காரரோடு சண்டையும் வேண்டாம். பள்ளியிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

இரண்டாவது கேட்க இடம் இருந்தால், கணக்குக்குப் போகும் பி.டி. பீரியடு. "போர்ஷன் முடியல" என்பார்கள். அப்புறம் வகுப்பில் பிறந்தநாள்: நாற்பது பிள்ளைகள் என்றால் வருடத்துக்கு நாற்பது நாள் சாக்லேட். அதற்குப் பதிலாக வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்ட பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோருக்கும் பெரிய வருத்தம் வந்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். "உங்க பையன் வெயிட்டுக்கு நாங்க என்ன பண்ண முடியும் மேடம்?" என்று முடித்துவிடுவார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நாலைந்து அம்மா அப்பாக்களைச் சேர்த்துக்கொண்டு, எழுதிக் கொண்டு போங்கள். உங்கள் மகனின் பெயர், அவன் எடை அதில் வரவே கூடாது. ஒல்லியான பிள்ளைக்கும் மைதானம் வேண்டும்தானே. பள்ளி அசையவே இல்லை என்றால், கேன்டீன் விஷயத்தில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பி.டி. மாஸ்டர் விஷயத்துக்கு மட்டும் நீங்களே தனியாகப் போக வேண்டும், உடனே. அவர் கெட்ட எண்ணத்தில் கூப்பிடாமல் இருக்கலாம், விளையாட்டுக்குத்தான் என்பார். ஆனால் "பூசணி" என்று பெயர் வாங்கிய பிள்ளை மைதானத்தை வெறுக்கக் கற்றுக்கொள்வான். சிங்கப்பூரில் இது அரசாங்க அளவிலேயே நடந்தது. 1992-இல் பள்ளிகளில் "ட்ரிம் அண்ட் ஃபிட்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி. எண்ணிக்கையில் பலன் தெரிந்தது: 14 சதவீதமாக இருந்த உடற்பருமன் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தது. ஆனால் திட்டத்தின் சுருக்கப் பெயர் டி.ஏ.எஃப்.; பிள்ளைகள் அதைத் திருப்பிப் போட்டு எஃப்.ஏ.டி., "ஃபேட்" என்று கேலி செய்தார்கள். பிரித்து வைத்ததே அவமானமாகிவிட்டது என்ற குறை பல வருடம் இருந்தது. 2007-இல் அதைக் கைவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான வேறு திட்டத்துக்கு மாறினார்கள். மாஸ்டரிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். கோல் கீப்பரை முறை வைத்து மாற்றட்டும்.

அந்த ஹெல்த் கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் 28,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்து, எடை விவரத்தை வீட்டுக்கு எழுதி அனுப்பினால் பலன் உண்டா என்று சோதித்தார்கள். எடையில் ஒரு மாற்றமும் இல்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் அதிருப்தி வந்ததுதான் மிச்சம். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். கார்டை ஃபைலில் போட்டுவிடுங்கள், ஃபிரிட்ஜ் மேல் ஒட்ட வேண்டாம்.

இனி வீட்டைச் சுற்றி. மடிப்பாக்கம் மெயின் ரோட்டில் இன்றைக்கு ஒரு குழந்தையை நடத்திக் கூட்டிப்போவது பெரியவர்களுக்கே வித்தைதான். நடைபாதை இல்லாத இடத்தில் போய் "தினமும் நடக்க விடுங்கள்" என்று நான் எழுதினால் அது ஆலோசனை ஆகாது. ஆனால் உள்தெருக்களில் கொஞ்சம் வழி இருக்கும். டியூஷன் 600 மீட்டர்தான் என்கிறீர்கள், அதற்கு பைக்கில் கொண்டு விடுகிறார் கணவர். அதே அபார்ட்மென்டில் சாயங்காலம் மொட்டை மாடியில் வட்டமடித்து நடக்கும் தாத்தாக்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். டியூஷன் போகும் நாலு பிள்ளைகளை அவர்களோடு அனுப்பிப் பாருங்கள். கையில் ஒரு தடி இருந்தால் நாயும் கிட்டே வராது, தாத்தாவுக்கும் கெத்து. போக வர 1,200 மீட்டர்.

"இங்கே பந்து விளையாடக் கூடாது" என்ற போர்டுக்குப் பின்னால் எப்போதும் உடைந்த கார் கண்ணாடி ஒன்று இருக்கும். அசோசியேஷன் கூட்டத்தில் போர்டை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டால் கண்ணாடிக்காரர்தான் ஜெயிப்பார். 7 முதல் 8 வரை ஒரு பக்க டிரைவ்வேயில் மட்டும் கார் நிறுத்தாமல் விடலாமா, ரப்பர் பந்து, ஷட்டில், ஓடிப்பிடிப்பு மட்டும் என்று கேளுங்கள். அதற்கு ஒப்புக்கொண்ட அபார்ட்மென்ட்கள் இருக்கின்றன.

கொஞ்சம் பெரிய அளவில் கேட்க விருப்பம் இருந்தால், உங்கள் பகுதியில் ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர்கள் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அப்படி வந்த இடங்களில் சில பூங்காவாகி நன்றாக இருக்கின்றன. சில பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றில் கார் நிற்கிறது. பூட்டிய இடத்தைத் திறக்கச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இதற்குள் உங்கள் மகன் ஏழாம் வகுப்புக்குப் போய்விடலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குள் நான் கேட்பது கொஞ்சம்தான். 4 மணிக்குப் பாட்டி பஜ்ஜி போட்டு வைத்திருந்தால் அதில் அன்பு இருக்கிறது, அதைக் குற்றம் சொல்லாதீர்கள். "அத்தை, சுண்டல் பண்ணிக் கொடுங்களேன், உங்க கையால பண்ணினா சாப்பிடுறான்" என்று கேட்டால் காரியம் நடக்கும். பாலில் கலக்கும் பவுடரை நிறுத்திவிட்டு வெறும் பால் கொடுங்கள். பாட்டில் ஜூஸ் வீட்டுக்குள் வர வேண்டாம், அவனுக்கு மட்டுமல்ல, அவன் அப்பாவுக்கும்தான். டியூஷனை வாரத்தில் இரண்டு நாள் குறைக்க முடியுமா என்று யோசியுங்கள். ஐந்தாம் வகுப்புக்குத் தினமும் இரண்டு மணி நேரம் எதற்கு என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்த நேரம் கிடைத்தால் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு வந்துவிடும், ஒன்பதரைக்குப் படுத்துவிடலாம்.

தினமும் எடை மெஷினில் ஏற்றாதீர்கள். மூன்று மாதம் கழித்து உயரம், எடை இரண்டையும் ஒரே நாளில் அளந்து எனக்கு எழுதுங்கள். அந்த மைதானக் கதவு திறந்ததா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.